மதகடியில் நடக்க வேண்டிய பயிற்சி

உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்தில் வளரும் ஒரு பிள்ளை, பாறை வெடிவைத்துத் தகர்க்கப்படுவதையும், அக்கல் கிரஷரில் ஜல்லியாவதையும், அந்த ஜல்லியைச் சுமந்தோடும் டிப்பர் லாரிகளால் சாலை குழிவிழுந்து சீர்கெடுவதையும், ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிவதையும், பாடநூலின் முதல் ஏட்டைப் புரட்டுமுன்பே கண்டு பழகிவிடுகிறது. இத்தனையும் பொறியியலே என்று அப்பிள்ளைக்கு உணர்த்த வகுப்பறையில் ஒருவர் வேண்டும்; அவரை ஆயத்தப்படுத்தும் காரியத்தில்தான் சர்க்கார் போதிய சிரத்தை காட்டவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

உபகரணங்களுக்குச் செலவிட அரசுகள் தயங்கவில்லை. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம், தேர்ந்தெடுத்த பள்ளி ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை அளித்தது. இன்னும் 50,000 ஆய்வகங்களை ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் நிறுவப்போவதாக 2025ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் அறிவித்தது. தமிழ்நாட்டு அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றமோ, 13,210 பள்ளிகளுக்குச் சோதனைப் பொருள்களோடு 710 கருத்தாளர்களை அனுப்ப முற்பட்டது. பாராட்டுக்குரிய முயற்சிதான். ஆயினும் வகுத்துப் பார்த்தால் ஒருவர் தலையில் 18 பள்ளிகளுக்கு மேல் விழுகின்றன. அவர் வந்து போன மறுநாள் பிள்ளை கேட்கும் கேள்விக்கு எதிரே நிற்பவர் அப்பள்ளியின் ஆசிரியரே.

அவருக்குக் கிடைக்கும் பணியிடைப் பயிற்சியோ மாநிலத்தில் கேட்டவர் மாவட்டத்தில் சொல்ல, மாவட்டத்தில் கேட்டவர் வட்டார வள மையத்தில் சொல்ல, கடைமடைக்கு வந்துசேரும் தண்ணீரைப் போல வழியெல்லாம் வற்றியே வருகிறது. ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை விதித்தது. கைப்பேசியில் காணொளியை ஓடவிட்டபடியே மணிக்கணக்கைப் பூர்த்தி செய்துவிடலாம் என்றால், விதியினால் யாருக்கு என்ன பிரயோசனம்? விஞ்ஞானச் சோதனைக்குப் பெரும்பாலும் முன்பே தெரிந்த விடை உண்டு. பொறியியலிலோ முதலில் கட்டியது முறிவதும், முறிந்த காரணத்தை ஆராய்ந்து மறுபடி கட்டுவதுமே பாடம். தம் கையால் ஒரு சிறு பாலத்தைக் கட்டி அது முறியக் கண்டறியாத ஆசிரியர், மாணவனின் முறிந்த பாலத்தைத் தப்பான விடையென்று கருதிச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். அது அவர் குற்றமன்று.

1972இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டத்தில், ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் தங்கி, மாணவர் செய்யவேண்டிய சோதனைகளைத் தாங்களே முதலில் செய்து பார்த்தார்கள். பிறகு மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தர்க்கித்தார்கள். 30 ஆண்டுகள் நடந்து பல நூறு பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டத்தை 2002இல் அம்மாநில அரசே நிறுத்திவிட்டது வேறு கதை, வருந்தத்தக்க கதை. அந்த மாதக் கூட்டம்தான் நமக்கு வேண்டியது.

அதைக் கூட்டும் இடம் நம் ஏரிக்கரையே. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டிக் குடவோலைத் தேர்தல் முறையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அம்முறையில் தேர்ந்தெடுத்தவர்களில் ஒரு பகுதியார் ஏரி வாரியத்தில் அமர்ந்து ஏரியைப் பராமரிக்கவே நியமிக்கப்பட்டார்கள் என்பதை ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை. சாலவாக்கத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளின் கணித, அறிவியல் ஆசிரியர்கள் மாதம் ஒருநாள் மதகடியில் கூடட்டும்; நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவரும், லாரிப் பட்டறை மெக்கானிக் ஒருவரும் உடனிருக்கட்டும்; கரையின் அடி ஏன் அகன்றிருக்கிறது என்பதை அளந்து, மண்ணிலே மாதிரி கட்டி, தண்ணீர் விட்டு உடைத்துப் பார்க்கட்டும். பாடம் முடிக்கவே நேரமில்லை என்பார்கள். திரவ அழுத்தமும் நெம்புகோலும் பாடத்திட்டத்திலேயே இருக்கும்போது இந்த ஆட்சேபத்துக்கு வலுவில்லை.

அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை வழங்கிச் சட்டம் செய்து 2021இல் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்ட அரசு, அதற்கு முந்திய ஏழாண்டுப் பள்ளிக் காலத்தையும் கவனிக்கக் கடமைப்பட்டது. ஆசிரியர்கள் மதகடியில் கூடும் அந்த ஒருநாள் சனிக்கிழமையாக இருத்தல் கூடாது. சம்பளத்தோடு கூடிய வேலைநாளாக, பயணப்படியோடு, எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவு செய்வது முதலிய வேறு உத்தரவு எதுவும் குறுக்கிடாத நாளாக இருக்கவேண்டும். வரும் நிதியாண்டில் ஆய்வகச் சாமான்களுக்கு ஒதுக்கும் தொகைக்குப் பக்கத்திலேயே இதற்கென்று தனித் தலைப்பில் பணம் ஒதுக்குமாறு கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.