பத்து டார்பிடோக்கள்

அமெரிக்கா ஐந்து வருடம் முன்னதாகவே ஜப்பானோடு போருக்குத் தயாராகியிருந்தால்? மாற்று வரலாறு எழுதுகிறவர்களுக்கு அலுக்காத கேள்வி. 1936லேயே விமானந்தாங்கிக் கப்பல்கள் வரிசைகட்டுகின்றன, அமெரிக்காவின் குவாம் தீவில் கோட்டை எழுகிறது. ஜப்பான் மட்டும் பேர்ள் ஹார்பரைத் தாக்க 1941 டிசம்பர் 7 வரை கைகட்டிக் காத்திருக்கிறது!

நடந்தது வேறு. 1940 ஜூலையில் அமெரிக்கா தன் கடற்படையை ஏறத்தாழ 70 சதவீதம் பெருக்கச் சட்டம் போட்டது. டோக்கியோவிலும் கணக்குப் போட்டார்கள். 1941 இறுதியில் ஜப்பானின் கடற்படை அமெரிக்காவுடையதில் சுமார் 70 சதவீதம்; 1944ல் அது 30 ஆகிவிடும். இடையில் ஜப்பானுக்கு எண்ணெய் விற்பதையும் அமெரிக்கா நிறுத்தியது. அடிப்பதென்றால் இப்போதே. தாக்குதல் தேதியைக் குறித்துக் கொடுத்ததில் அமெரிக்கத் தயாரிப்புக்கும் பங்குண்டு. சட்டம் 1936ல் வந்திருந்தால் இதே கணக்கு 1937ல் போடப்பட்டிருக்கும். அப்போது ஜப்பானிடம் ஜீரோ விமானம் இல்லை, ஷோகாகு, ஜூயிகாகு விமானந்தாங்கிக் கப்பல்களும் இல்லை. அதனால் பின்வாங்கியிருக்கலாம், மூர்க்கமாக இறங்கியும் இருக்கலாம்.

அரசியலையும் மறக்கக்கூடாது. குவாம் துறைமுகத்தை ஆழப்படுத்தக் கேட்ட 50 லட்சம் டாலரை 1939 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை மறுத்தது. ஜப்பானைச் சீண்டுவானேன் என்ற பயம். தீவு 1941 டிசம்பர் 10 அன்று வீழ்ந்தது.

எங்களுக்குச் சுவாரசியமாகப் படுவது இதைவிடச் சின்ன விஷயம். அமெரிக்க நீர்மூழ்கிகளின் மார்க் 14 டார்பிடோ ஒன்றின் விலை சுமார் 10,000 டாலர். சிக்கனம் கருதி, வெடிமருந்தோடு ஒன்றைக்கூட இலக்கின்மீது ஏவிப் பார்க்காமலே போருக்கு அனுப்பினார்கள். அது குறித்த ஆழத்துக்குப் பத்தடி கீழே ஓடியது. காந்த வெடிப்பான் கண்ட நேரத்தில் வெடித்தது, அல்லது வெடிக்கவே இல்லை. நேராக மோதினால் வெடியூசி நசுங்கிப்போனது. புகார் சொன்ன மாலுமிகளிடம் குறிபார்க்கத் தெரியவில்லை என்றார்கள் மேலிடத்தார். 1942 ஜூனில் ஆஸ்திரேலியக் கரையோரம் மீன்வலையைக் கட்டி, அதில் டார்பிடோ போட்ட ஓட்டைகளை அளந்த பிறகே ஆழக் கோளாறு நிரூபணமானது. 1943 ஜூலையில் டினோசா நீர்மூழ்கி ஓர் எண்ணெய்க் கப்பலை நிறுத்திவைத்துச் சுட்டும் டார்பிடோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்காமல் போயின. கடைசி டார்பிடோவைச் சோதனைக்காகப் பேர்ள் ஹார்பருக்கே திருப்பிக் கொண்டுவந்தார் அதன் கேப்டன்.

1930களில் பத்து டார்பிடோக்களை ஒரு பழைய கப்பல்மீது ஏவிப் பார்த்திருந்தால் ஒரு லட்சம் டாலர் செலவாகியிருக்கும். டோக்கியோ அதைக் கவனித்துக்கூட இருக்காது. இந்த மாற்று வரலாற்றை யாராவது எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் பக்கம் ஒதுக்குகிறோம்.