படப் புத்தகத்தைச் செம்மையாக்குவது யார்?

தமிழின் முதல் சிறுவர் இதழாகக் கருதப்படும் ‘பால தீபிகை’ 1840-இல் நாகர்கோவிலிலிருந்து வெளிவந்தது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, சார்லஸ் மீட் பாதிரியாரின் முயற்சியால் லண்டன் மிஷன் அச்சகம் இங்கு அமைந்துவிட்டது. தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, ஆசிரியராகப் பணியாற்றியவர். குழந்தைகளின் நாவுக்கு இசைந்த பாடல்களைத் தந்தவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடம் பெற்றதும் குமரி மாவட்டமே.

இத்தகைய மண்ணில் குழந்தைகளுக்காக எழுத விரும்புவோர் பலர் இருப்பதில் வியப்பில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இளம் பெற்றோரும் ஓவியம் பயின்ற மாணவர்களும் இன்று சொந்தமாகவே படப் புத்தகம் வெளியிட முனைகின்றனர். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் பத்துப் பிரதிகள்கூட அச்சிட முடிகிறது. ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. பதிப்பகத்தின் வாயிலில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை மாறிவிட்டது. இது வரவேற்கத்தக்க மாற்றம்.

ஆனால், அந்த வாயிலில் பணி செய்துகொண்டிருந்த ஒருவரையும் சேர்த்தே நாம் இழந்திருக்கிறோம். அவர்தான் செம்மையாளர். ஒரு பொருளின் உற்பத்திச் செலவு குறையும்போது, அதனுடன் சேர்ந்து பயன்படும் வேறொன்று அரிதாகிவிடும் என்பது பொருளியல் மாணவர்கள் அறிந்ததே. அச்சு எளிதாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் படம்கூட மலிவாகிவிட்டது. எந்த வரியை நீக்க வேண்டும், எந்தப் படம் கதைக்குப் பொருந்தாது என்று சொல்லும் தேர்ந்த கண்ணே இன்று அரிய வளம்.

பெரியவர்களுக்கான நூலைவிடப் படப் புத்தகத்துக்கு இந்தக் கண் மிகுதியாகத் தேவை. அச்சுத் தாளின் மடிப்புக் கணக்கு 16 பக்கம் கொண்ட பாரமாக அமைவதால், படப் புத்தகம் பெரும்பாலும் 24 அல்லது 32 பக்கங்களுக்குள் முடிந்துவிடும். சில நூறு சொற்களே இடம்பெறும் அந்நூலில் ஒவ்வொரு சொல்லும் தன் இடத்துக்குரிய வேலையைச் செய்தாக வேண்டும். படத்தில் மழை கொட்டும்போது ‘மழை பெய்தது’ என்று எழுதுவது வீண். ஓவியர் வரைய முடியாத ஒலி, மணம், மனத்தின் தயக்கம் ஆகியவையே எழுத்தாளரின் பங்கு. ‘கதவைத் திறந்தான்’ என்பது வலப்பக்கத்தின் கடைசி வரியாக அமைந்தால், தாளைப் புரட்டும் குழந்தையே கதவைத் திறக்கிறது. அதே வரி பக்கத்தின் நடுவில் கிடந்தால் அந்த வியப்பு பிறப்பதில்லை.

மொழிநடை இன்னொரு சிக்கல். வீட்டில் குழந்தை கேட்கும் தமிழும் ஏட்டுத் தமிழும் வேறு வேறு. குமரிக் குழந்தைக்குப் பதநீர் என்பது அக்கானி. மத்தி என்பது சாளை. செவ்வாழை என்பது செந்துளுவன். இச்சொற்களை முற்றிலும் விலக்கினால் புத்தகம் அயலாகிவிடும். விளக்கமின்றி நிரப்பினால் பிற மாவட்டக் குழந்தைக்குப் புரியாது. படப் புத்தகத்தில் இதற்கு எளிய தீர்வு உண்டு. சொல்லுக்கு அருகிலேயே படம் இருப்பதால் அகராதி தேவையில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழத்தின் பெயரை மதுரைக் குழந்தையும் ஒரு படத்தால் அறிந்துகொள்ளும். ஆனால், அந்தப் படம் மட்டிப் பழமாகவே இருக்க வேண்டும். கணினி தரும் பொதுவான வாழைப்பழமும், எந்தக் கடற்கரைக்கும் உரியதல்லாத படகும் இந்த வேலையைச் செய்யமாட்டா.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். ஓவியருக்கான ஊதியம், பக்க வடிவமைப்பு, அச்சுத் தகடு ஆகியவற்றுக்கு 60,000 ரூபாய் ஆவதாக எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். 300 பிரதிகள் அச்சிட்டால் தாளும் மையும் சேருமுன்பே ஒரு பிரதியின் மீது 200 ரூபாய் ஏறிவிடுகிறது. 3,000 பிரதிகள் என்றால் அது 20 ரூபாயாகக் குறையும். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் தகட்டுச் செலவு இல்லை. ஆனால் எத்தனை பிரதி எடுத்தாலும் ஒரு பிரதியின் வண்ண அச்சுச் செலவு பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே சிறிய அளவில் வெளியிடுபவரின் புத்தகம் விலை கூடியதாகவே இருக்கும். 24 பக்கத்துக்கு இவ்வளவு விலையா என்று பெற்றோர் தயங்குவதும் இயல்பே.

இந்தத் தயக்கத்துக்கும் எழுத்தாளரின் ஆர்வத்துக்கும் இடையில்தான் ‘தொகுப்புத் திட்டம்’ என்ற பெயரில் ஒரு வணிகம் வளர்ந்திருக்கிறது. பணம் கட்டினால் அட்டை, அச்சு, வெளியீட்டு விழா, சான்றிதழ் அனைத்தும் கிடைக்கும். பிரதியைத் திருத்திச் செம்மைப்படுத்துவது மட்டும் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. எழுத்தாளரிடமிருந்தே வருவாய் வந்துவிடுவதால், வாசகரைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய ஊக்கம் அந்நிறுவனங்களுக்கு இல்லை. ஓய்வூதியச் சேமிப்பைச் செலவிட்ட ஆசிரியரின் வீட்டில் கட்டுப் பிரியாத பிரதிகள் அடுக்கிக் கிடப்பதே முடிவாகிறது.

சொந்த வெளியீடு இப்படித்தான் முடிய வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தின் பீட்ரிக்ஸ் பாட்டர், நோயுற்ற சிறுவனுக்கு 1893-இல் எழுதிய படக் கடிதத்திலிருந்து ‘பீட்டர் ராபிட்’ கதையை உருவாக்கினார். பதிப்பகங்கள் மறுத்தபோது, 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். 1902-இல் பிரடெரிக் வார்ன் பதிப்பகம் அதை ஏற்றபோது, படங்களை வண்ணத்தில் புதிதாக வரைந்தார். சில படங்களையும் வரிகளையும் நீக்கினார். குழந்தைகளின் சிறிய கைக்கு ஏற்ற சிறிய புத்தகம், குறைந்த விலை என்பதில் தொடக்கம் முதலே உறுதியாக இருந்தார். உலகப் புகழ்பெற்ற அந்நூலுக்குச் சொந்த வெளியீடு ஓர் ஒத்திகையாக அமைந்தது. சில பிரதிகளை மட்டும் அச்சிடும் வசதியை இன்று நாம் பயன்படுத்த வேண்டியதும் இவ்வாறே.

எட்டு வெள்ளைத் தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 32 பக்கம் கொண்ட மாதிரிப் புத்தகம் கிடைக்கும். அதில் எழுத்தையும் கோட்டுப் படங்களையும் ஒட்டிக் குழந்தைகளுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். குழந்தையின் கண் எந்தப் பக்கத்தில் விலகுகிறது, எந்தச் சொல்லில் படிப்பவரின் நாக்கு இடறுகிறது என்று குறித்துத் திருத்த வேண்டும். பிறகு பத்துப் பிரதி அச்சிட்டு, அங்கன்வாடியிலும் கிளை நூலகத்திலும் மீண்டும் படித்துப் பார்க்கலாம். இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு வெளியீட்டு விழாவின் செலவைவிடக் குறைவு.

படச் செலவைப் பகிர்ந்துகொள்ளவும் முன்மாதிரிகள் உள்ளன. நேஷனல் புக் டிரஸ்ட் ஒரே படங்களைக் கொண்டு பல இந்திய மொழிகளில் சிறுவர் நூல்களை வெளியிட்டது. நான்கு வண்ண அச்சில் எழுத்துக்குரிய கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் வேறொரு மொழிப் பதிப்பு உருவாகிவிடும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளம், எவரும் மொழிபெயர்க்கவும் அச்சிடவும் உரிமை தரும் படக் கதைகளைப் பொதுவில் வைத்தது. தமிழும் மலையாளமும் புழங்கும் விளவங்கோடு பகுதியை உள்ளடக்கிய குமரி மாவட்டத்துக்கு இது இயல்பாகவே பொருந்தும். ஒரே படங்கள், இரு மொழிகள், இரு மாநிலச் சந்தைகள் என்றாகும்போது ஓவியச் செலவு பாதியாகப் பகிரப்படுகிறது.

அரசுக்கும் இதில் பங்குண்டு. சோவியத் நாட்டின் வண்ணப் படப் புத்தகங்கள் ஒரு தலைமுறைத் தமிழ்க் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த விலையில் கிடைத்ததற்குக் காரணம், ஓர் அரசு அச்செலவை ஏற்றதுதான். நம் மாநிலம் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தை நடத்துகிறது. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாவும் நடைபெறுகிறது. சொத்துவரியுடன் நூலக வரியும் செலுத்துகிறோம். இவ்வளவு இருந்தும், எழுதுபவருக்குச் செம்மையாக்கப் பயிற்சி தரும் ஏற்பாடு மாவட்ட அளவில் இல்லை.

தேரூரில் இயங்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் ஆண்டுக்கொரு முறை எழுத்தாளர், ஓவியர், தொடக்கப்பள்ளி ஆசிரியர் மூவரையும் கூட்டிப் படப் புத்தகப் பட்டறை நடத்தலாம். மாவட்ட மைய நூலகம் மாதிரிப் பிரதிகளைக் குழந்தைகளிடம் படித்துக் காட்டி, அவர்களின் எதிர்வினையை எழுத்தாளருக்குத் தெரிவிக்கலாம். நூலகக் கொள்முதலில் பக்க எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் படப் புத்தகத்துக்கு விலை நிர்ணயித்தல் கூடாது. ஓவியத்துக்கும் உரிய மதிப்பு தர வேண்டும். இந்தச் சோதனையில் தேறிய புத்தகங்களுள் ஆண்டுக்கு ஐந்தையேனும் மாவட்டத்தின் எல்லாக் கிளை நூலகங்களுக்கும் வாங்கினால், மேலே கண்ட 200 ரூபாய்ச் சுமை கணிசமாகக் குறையும்.

ஒரு குழந்தை முதலில் கையிலெடுக்கும் புத்தகம் அலுப்பூட்டினால், அடுத்த புத்தகத்தை அது தேடாமலே போகலாம். அந்த இழப்பு எந்த விற்பனைக் கணக்கிலும் தென்படாது. ஆகவே சொந்தமாக வெளியிட எண்ணுவோர் அச்சகத்துக்குச் செல்லுமுன் ஒரு முறையேனும் ஒரு குழந்தையின் எதிரில் அமர்ந்து தம் கதையைப் படித்துப் பார்க்கட்டும். திருத்தம் அங்கிருந்து தொடங்கட்டும்.