முட்டி தேய்ந்தவர்க்கு மூடிய காப்பீடு!

காவிரியின் கிளையாறுகள் கடலொடு கலக்கும் கடைமடை நிலம் நாகப்பட்டினம். இங்கே உழைப்பாளியின் முழங்கால் ஓர் உறுப்பு மட்டுமன்று. அதுவே அவன் முதல். அதுவே அவன் சொத்து. கணுக்கால் புதையும் சேற்றில் நாளெல்லாம் குனிந்து நாற்று நடும் பெண்டிரும், வழுக்கும் வரப்பில் நெற்கட்டைத் தலையிற் சுமந்து களம் சேர்க்கும் ஆடவரும், அக்கரைப்பேட்டைக் கரையில் குந்தியிருந்து மீன் அரியும் மீனவ மகளிரும், திருமறைக்காட்டு உப்பளங்களில் உவர்நீரில் நின்று உப்பு வாரும் தொழிலாளரும் தத்தம் கால்களை நம்பியே அடுப்பேற்றுகின்றனர்.

அந்தக் கால்கள் அகவை ஐம்பதை எட்டுமுன்பே ஓய்ந்து விடுகின்றன. நெடுநேரம் குந்தியிருந்து வாழ்ந்தவர்க்கு முழங்கால் மூட்டுத்தேய்வு மிகுதி என்பதைச் சீனத்துப் பெய்சிங் நகர முதியோரிடை நிகழ்த்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியுள்ளது. ஆய்வு சொல்லாவிடினும் நாகை மாவட்டத்துச் சேரிகளும் குப்பங்களும் சொல்லும். திண்ணையிலிருந்து எழ இருகையும் ஊன்றும் தாய்மார் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்!

இந்நோய் ஒரே நாளில் வந்து தாக்குவதன்று. எலும்பு முனைகளைப் போர்த்திய குருத்தெலும்பு சிறுகச் சிறுகத் தேய்கிறது, மூட்டு விறைக்கிறது, வீங்குகிறது, வலிக்கிறது. மருத்துவமும் அவ்வாறே படிப்படியானது. தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக்குறைப்பும் முதற்படி. பூச்சு மருந்தும் வலிநீக்கியும் அடுத்த படி. அவற்றிற்கும் அடங்காத வீக்கத்திற்கு மூட்டினுள் செலுத்தும் ஊசி மூன்றாம் படி. எல்லாம் பொய்த்தவிடத்து மூட்டுமாற்று அறுவை கடைசிப் படி.

இனி, அரசின் காப்பீடு எந்தப் படியில் வந்து நிற்கிறது? கடைசிப் படியில்!

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கி, 2012 சனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று உருமாறி, 2018-இல் நடுவணரசின் திட்டத்தோடு பிணைக்கப்பட்டு, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலக்கம் உருபா வரை என்று பறைசாற்றப்படுகிறது. தொகை பெரிதே, மறுப்பார் இலர். ஆயின் அத்தொகை யார் கைக்கு, எப்பொழுது வருகிறது என்பதன்றோ வினா! புறநோயாளராக வந்து பெறத்தக்க மருத்துவத்திற்குக் காப்பு இல்லை என்பது நடுவணரசுத் திட்டத்தின் வெளிப்படையான நெறிமுறை. தமிழக அரசின் திட்டமும் மருத்துவமனையிற் படுத்துப் பெறும் பண்டுவங்களையே பெரிதும் நோக்கி அமைக்கப்பட்டது. மூட்டில் ஊசி போடப் படுக்கை வேண்டியதில்லை. கால்மணி நேரமும் ஓர் எளிய மேசையும் போதும். படுக்கை வேண்டாத கரணியத்தாலேயே அந்த ஊசி காப்புக்கு வெளியே நிற்கிறது. மூட்டு முற்றும் அழிந்து, எலும்பை அறுத்து மாழை மூட்டைப் பொருத்தும் நாளிலே காப்பீடு வாய் திறக்கிறது. வேலி சாயும்போது முட்டுக்கொடுக்க மறுத்துவிட்டுப் பயிரை மாடு மேய்ந்தபின் இழப்பீடு பேசுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஏழைகளுக்கான திட்டம் இவ்வளவே இயலும் என்பார் உளர். அவர்க்கு ஒரு வினா. நடுவணரசு தன் அலுவலர்க்கென 1954-இல் தில்லியில் தொடங்கிய நலத்திட்டத்தில் புறநோயாளர் மருத்துவம் தொடக்க முதலே உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளர்க்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசுக் காப்பீட்டிலும் மருந்தகமும் புறநோயாளர் மருத்துவமும் உண்டு. வணிகமே வாழ்வெனக் கொண்ட அமெரிக்கா கூட, 1965-இல் சட்டமாக்கிய முதியோர் காப்பீட்டில் மருத்துவர் அறையில் போடும் முழங்கால் ஊசிக்குப் பெரும்பங்கு தருகிறது. கோப்பு புரட்டும் கைக்குக் கிடைப்பது சேற்றில் நிற்கும் காலுக்கு ஏன் கிடைக்கவில்லை? கூலி கூட்டிக் கேட்டுப் போராடியதற்காக 44 உயிர்கள் 25-12-1968-இல் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி இம்மாவட்டத்து மண்ணன்றோ? அன்று உழைப்புக்கு விலை மறுத்தனர். இன்று உழைத்துத் தேய்ந்த காலுக்கு மருந்து மறுக்கின்றனர்.

அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கிறதே என்று மற்றொரு விடை வரும். ஒரத்தூரில் மருத்துவக் கல்லூரி 12-1-2022-இல் திறக்கப்பட்டது உண்மை. அது இம்மாவட்டம் பெற்ற பேறே. ஆயின் கோடியக்கரையிலிருந்து ஒரத்தூர் சென்று வர ஒருநாட் கூலி போகும். துணைக்கு வருபவர் கூலியும் போகும். நடக்கவியலாத காலுக்கு ஒவ்வொரு பேருந்துப் படியும் ஒரு மலை. எனவே அருகிலுள்ள தனியார் மருத்துவரிடம் கடன் வாங்கிச் செல்கின்றனர். அங்கே காப்பீட்டு அட்டை வெறும் அட்டை.

அதனால் எல்லா ஊசிக்கும் பணத்தை வாரியிறைக்க வேண்டும் என்பதன்று. உண்மையை மறைத்தல் தமிழர்க்கு அழகன்று. இசுட்டீராய்டு ஊசி விலை குறைந்தது, சில கிழமைகள் வலியைத் தணிக்கும், நோயை வேரறுக்காது. மூன்று திங்கட்கு ஒருமுறையென ஈராண்டு தொடர்ந்து போட்டவர்க்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது என்றும், வலியிலோ வெறும் உப்புநீர் ஊசியினும் மேலான பயன் இல்லை என்றும் அமெரிக்காவில் 140 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் காட்டியது. பல்லாயிரம் உருபா விலை சொல்லி விற்கப்படும் இயலுரானிக் காடி ஊசியையோ வழங்கலாகாது என்றே இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுக் குழு 2022-இல் அறிவுறுத்தியது. ஆக, அளவறிந்து போடும் எளிய ஊசிக்கும், அதனினும் முதன்மையான உடற்பயிற்சி மருத்துவத்திற்கும் காப்பு வேண்டும். வணிகர் விற்கும் விலையேறிய ஊசிக்குப் பொதுப்பணம் வேண்டா. பயிற்சி மருத்துவரை வீட்டு வாயிலுக்கே அனுப்பும் மக்களைத் தேடி மருத்துவம் 5-8-2021-இல் தொடங்கப்பட்டது நன்று. அந்நல்வழியைக் காப்பீட்டோடு இணைக்கத் தடையென்ன? முழங்கால் மாழை மூட்டின் விலைக்கு 2017-இல் நடுவணரசே வரம்பு கட்டியது. மனம் வைத்தால் வணிகரை அடக்கவும் அரசால் இயலும் என்பதற்கு அதுவே சான்று.

இவ்வுண்மைகளுள் ஒன்றேனும் நாற்று நடும் தாய்க்குத் தெரியுமா? தெரியாது, தெரியவிடவும் இல்லை. நடுவணரசுத் திட்டத்தின் பெயரே ‘பிரதான் மந்திரி சன் ஆரோக்கிய யோசனா’! தமிழன் வரிப்பணமும் கலந்த திட்டத்திற்கு அவன் நாவில் நுழையாத பெயர். மருத்துவமனைக் கணிப்பொறியில் ஏறும் பண்டுவப் பெயர்களும் குறியெண்களும் ஆங்கிலம். மருத்துவர் எழுதும் சீட்டும் ஆங்கிலம். எது காப்பில் உண்டு, எது இல்லை, தன் மூட்டினுள் ஏறுவது எவ்வூசி, அதனை எத்துணை முறை தாங்கலாம் என்று கேட்கவும் மொழியின்றி, கைந்நாட்டு வைத்துக் காலை நீட்டுகிறாள் தமிழ்த்தாய். அறியாதவளிடம் விலையேறிய ஊசியை விற்றல் எளிது. உரிமையை மறுத்தல் அதனினும் எளிது. மொழியை இழந்தவன் மருந்தையும் இழக்கிறான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, தமிழக அரசு செய்ய வேண்டுவன மூன்று. மூட்டுநோய்க்குரிய புறநோயாளர் மருத்துவத்தை, பயிற்சியும் தக்க ஊசியும் உள்ளிட்டு, காப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தல் ஒன்று. வட்ட மருத்துவமனை தோறும், கிழமைக்கு ஒரு நாளேனும், எலும்பு மருத்துவர் வந்து பார்க்க வழிசெய்தல் இரண்டு. காப்பீட்டுப் பட்டியலும், மறுப்புக் கடிதமும், ஊசிக்கு இசைவு கேட்கும் தாளும் தமிழிலேயே தரப்பட வேண்டும் எனச் சட்டமாக்கல் மூன்று.

தமிழ்நாட்டு உலைகளில் கொதிக்கும் சோற்றில் அந்த முழங்கால்களின் தேய்வு கலந்திருக்கிறது. உண்பவர் மறவாதிருப்பாராக! ஆள்பவர் மறந்தால், தேய்ந்த காலோடேனும் அத்தாய்மார் கோட்டை வாயிலுக்கு நடந்து வந்து நினைவூட்டுவர்!