மின்சாரக் கார் வரி: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

அமெரிக்காவில் மின்சாரக் கார் வைத்திருப்பவர் பெட்ரோல் போடுவதில்லை, அதனால் பெட்ரோல் வரி கட்டுவதில்லை, ஆகவே மற்றவர்கள் காசில் போட்ட சாலையில் ஓசியில் ஓட்டுகிறார் என்பது அங்கே கட்சி பேதமின்றிப் பலரும் நம்பும் வாதம். இதைக் காரணம் காட்டியே பெரும்பாலான மாநிலங்கள் மின்சாரக் கார்களிடம் ஆண்டுதோறும் தனிப் பதிவுக் கட்டணம் வாங்குகின்றன. 2025 மே மாதம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய வரி மசோதாவில் நாடு முழுவதற்குமாக ஆண்டுக்கு 250 டாலர் கட்டணமும் சேர்க்கப்பட்டிருந்தது. இறுதிச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. ஆனாலும் அதற்குப் பின்னால் இருந்த நம்பிக்கை அப்படியே இருக்கிறது.

பெட்ரோல் வரி கட்டுவதில்லை என்பது உண்மை. சாலை நிதி காலியாவதற்கு அதுதான் காரணம் என்பதும், அதற்கு ஈடாக இன்று வாங்கப்படும் தொகை நியாயமானது என்பதும் உண்மையல்ல.

பெட்ரோல் வரியை முதலில் விதித்தது ஓரிகன் மாநிலம், 1919இல். மத்திய அரசின் வரி 1932இல் ஒரு கேலனுக்கு ஒரு சென்ட் என்று தொடங்கியது. 1956இல் நாடு தழுவிய நெடுஞ்சாலைத் திட்டத்துக்காக நெடுஞ்சாலை நிதியம் அமைக்கப்பட்டபோது இந்த வரி அதன் முதன்மை வருவாயானது. அதிகம் ஓட்டுபவர் அதிக எரிபொருள் போடுவார், கனமான வண்டி அதிகம் குடிக்கும் என்பதால், சாலையை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பதை எரிபொருளே ஓரளவு சரியாகக் காட்டியது. மத்திய வரி கடைசியாக உயர்ந்தது 1993இல், கேலனுக்கு 18.4 சென்ட் ஆனது. அந்தத் தொகை விலைவாசியோடு சேர்ந்து உயரும்படி அமைக்கப்படவில்லை. அதன்பின் அமெரிக்காவில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது; 18.4 சென்ட் 18.4 சென்ட்டாகவே நிற்கிறது. சாலை போடும் செலவு ஏறிக்கொண்டே போக, அன்றைய வரியின் மதிப்பில் பாதிகூட இன்று மிஞ்சவில்லை. இதற்கிடையில் பெட்ரோல் கார்களின் மைலேஜும் கூடியது.

விளைவு 2008இல் தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் நிதியம் வற்றும் நிலைக்கு வந்தது. நாடாளுமன்றம் பொது நிதியிலிருந்து 800 கோடி டாலரை எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றியது. நிஸான் லீஃப், செவ்ரலே வோல்ட் ஆகிய கார்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 2010 டிசம்பரில். சாலையில் மின்சாரக் கார் என்று சொல்லத்தக்க எண்ணிக்கையில் எதுவுமே இல்லாத காலத்தில் காலியான கஜானாவுக்கு மின்சாரக் கார்மீது பழி போடப்படுகிறது. வரியை உயர்த்தினால் வாக்காளர் கோபிப்பார் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கைகட்டி நின்ற நாடாளுமன்றத்தின் பொறுப்பு இதில் மறைக்கப்படுகிறது. இதுவே இந்தப் பிரச்சாரத்தின் மிகப் பெரிய அநீதி.

2008 முதல் 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் வரை பொது நிதியிலிருந்து நிதியத்துக்குப் போன தொகை 27,000 கோடி டாலருக்கு மேல். அந்த ஒரு சட்டம் மட்டுமே 11,800 கோடி டாலரை மாற்றியது. பொது நிதி என்பது வருமான வரி உள்ளிட்டவற்றால் நிரம்புவது. அதை மின்சாரக் கார் வைத்திருப்பவரும் கட்டுகிறார், கார் இல்லாதவரும் கட்டுகிறார். ஊருக்குள் இருக்கும் தெருக்களுக்கோ பெரும்பாலும் உள்ளாட்சிகளின் சொத்து வரியும் விற்பனை வரியுமே செலவிடப்படுகின்றன. ஆக, பெட்ரோல் போடாதவர் சாலைக்கு எதுவுமே தருவதில்லை என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

வாங்கப்படும் தொகை நியாயமா என்பதற்கு டெக்சாஸ் நல்ல சான்று. அங்கே 2023 செப்டம்பர் 1 முதல் மின்சாரக் காருக்கு ஆண்டுக்கு 200 டாலர் கூடுதல் கட்டணம். புதிய கார் என்றால் இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து 400 டாலர். மாநிலத்தின் பெட்ரோல் வரி கேலனுக்கு 20 சென்ட். 1991க்குப் பிறகு அதுவும் மாறவில்லை. கேலனுக்கு 30 மைல் தரும் பெட்ரோல் கார் ஆண்டில் 12,000 மைல் ஓடினால் 400 கேலன் செலவாகும். மாநில வரி 80 டாலர். கேலனுக்கு 18 மைல் மட்டுமே தரும் பெரிய பிக்கப் வண்டிகூட அதே தூரத்துக்குச் சுமார் 133 டாலர்தான் கட்டும். 30 மைல் தரும் கார் 200 டாலர் வரி கட்ட வேண்டுமானால் ஆண்டில் 30,000 மைல் ஓட வேண்டும்.

இதோடு முடியவில்லை. டெக்சாஸ் அரசமைப்பின்படி எரிபொருள் வரியில் கால் பங்கு பள்ளிக் கல்விக்குப் போகிறது. எனவே அந்த 80 டாலரில் சாலைக்குப் போவது சுமார் 60 டாலர். மின்சாரக் காரின் 200 டாலரோ மாநில நெடுஞ்சாலை நிதிக்கே போகிறது. இழந்த வரியை ஈடுகட்டுவதுதான் நோக்கம் என்றால், ஈடு இழப்பைப் போல மூன்று மடங்கு இருப்பதற்கு விளக்கம் வேண்டும். மத்திய வரியையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கட்டணத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதுண்டு. சேர்த்தாலும் மொத்தம் 154 டாலரைத் தாண்டவில்லை. மேலும், மாநிலம் வாங்கும் கட்டணத்தில் ஒரு சென்ட்கூட மத்திய நிதியத்துக்குப் போவதில்லை.

சுமை யார் தலையில் விழுகிறது என்பது இன்னும் வேதனையானது. டெக்சாஸில் ஆண்டில் 4,000 மைல் மட்டும் ஓட்டும் ஓய்வூதியர் அதே 30 மைல் தரும் பெட்ரோல் கார் வைத்திருந்தால் மாநிலத்துக்குச் சுமார் 27 டாலர் வரி கட்டுவார். பழைய லீஃப் ஒன்றை மலிவாக வாங்கி ஓட்டினால் 200 டாலர். விலை உயர்ந்த புத்தம் புதிய மின்சாரக் காருக்கும் ஆண்டுக்கு அதே 200 டாலர்தான். பெட்ரோல் வரி ஒவ்வொரு முறை டாங்க் நிரப்பும்போதும் சில டாலராகப் பிரிந்து போகிறது; பதிவுக் கட்டணம் ஒரே மூச்சில் கேட்கப்படுகிறது. நியூ ஜெர்சி 2024 ஜூலையில் 250 டாலரில் தொடங்கி ஆண்டுக்குப் பத்துப் பத்தாகக் கூடும் கட்டணத்தைக் கொண்டுவந்தது. புதிய கார் வாங்குபவர் நான்கு ஆண்டுத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும்; தொடக்கத்தில் அது 1,060 டாலராக இருந்தது. கென்டக்கியில் ஆண்டுக் கட்டணமும் உண்டு, பொது சார்ஜிங் நிலையங்களில் யூனிட்டுக்குச் சுமார் 3 சென்ட் வரியும் உண்டு.

மின்சாரக் கார் கனமானது, சாலையை அதிகம் கெடுக்கிறது என்ற இன்னொரு வாதமும் அடிக்கடி எழுகிறது. இலினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ராணுவத்தினர் லாரிகளைச் சோதனைப் பாதைகளில் ஓயாமல் ஓட்டினார்கள். அச்சின்மேல் விழும் எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சாலைச் சேதம் கூடுகிறது என்பது அந்தச் சோதனையில் கிடைத்த விதி. ஒரு மின்சாரக் கார் அதே அளவு பெட்ரோல் காரைவிட 20 விழுக்காடு கனம் என்றால் சேதம் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் எதன் இரண்டு மடங்கு என்று பார்க்க வேண்டும். 80,000 பவுண்டு எடையுள்ள ஐந்து அச்சு லாரி ஒன்று 9,600 கார்களுக்குச் சமமான சேதத்தைச் செய்கிறது என்று அமெரிக்க அரசுத் தணிக்கை அலுவலகம் 1979இல் கணக்கிட்டது. அப்படியானால் அதே லாரி 4,000க்கும் மேற்பட்ட மின்சாரக் கார்களுக்குச் சமம். லாரிகள் டீசல் வரியும் வேறு வரிகளும் கட்டுகின்றன என்பது மெய்யே. ஆனால் கனரக வாகனங்களுக்கான மத்திய ஆண்டு வரியின் உச்சவரம்பு 1980களிலிருந்து 550 டாலரிலேயே நிற்கிறது. மிக அதிக எடை ஏற்றும் லாரிகள் தாங்கள் உண்டாக்கும் செலவைவிடக் குறைவாகவே கட்டுகின்றன என்பதை 1997இல் மத்தியப் போக்குவரத்துத் துறையின் ஆய்வே காட்டியது. எடைதான் கவலை என்றால் கணக்கு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

மின்சாரக் கார்கள் பெருகும்போது பெட்ரோல் வரி குறையும்; அவையும் தம் பங்கைக் கட்டத்தான் வேண்டும். அந்தப் பங்கை ஓடிய தூரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடுவதே முறை. நியூசிலாந்தில் டீசல் வாகனங்கள் 1970களின் இறுதியிலிருந்து அப்படித்தான் கட்டி வருகின்றன. 2024 ஏப்ரல் 1 முதல் மின்சாரக் கார்களும் ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர் கட்டுகின்றன; பெட்ரோல் கார்களையும் இதே முறைக்கு மாற்றப்போவதாக அந்நாட்டு அரசு அறிவித்திருக்கிறது. ஓரிகனில் 2015 முதல் விருப்பமுள்ளவர்கள் மைல் கணக்கில் கட்டலாம்.

மைலைக் கணக்கிட்டால் அரசு ஒவ்வொருவர் போக்குவரத்தையும் கண்காணிக்கும் என்ற அச்சம் இதற்குத் தடையாகச் சொல்லப்படுகிறது. அச்சம் நியாயமானது, ஆனால் தூரத்தை அறிய ஓடோமீட்டரில் உள்ள எண் போதும், எங்கே போனார் என்பது தேவையில்லை. ஹவாயில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனப் பாதுகாப்புச் சோதனையின்போது அந்த எண் எப்படியும் குறித்துக்கொள்ளப்படுகிறது. 2025 ஜூலை முதல் அங்கே மின்சாரக் கார் உரிமையாளர் ஆண்டுக்கு 50 டாலர் கட்டலாம், அல்லது ஆயிரம் மைலுக்கு 8 டாலர் வீதம் அதே 50 டாலர் வரம்புக்குள் கட்டலாம். 4,000 மைல் ஓடிய காருக்கு 32 டாலர் ஆகும். 2028 ஜூலை முதல் அங்குள்ள மின்சாரக் கார்கள் அனைத்தும் மைல் கணக்கிலேயே கட்டும்.