இன்டர்லொக் முற்றமும் குளிக்க மண் இல்லாத கோழியும்

கொஞ்சம் நீளமான பதிவுதான். முழுக்க வாசித்துவிட்டு ஏசுங்கள்.

போன கிழமை நம்மட ஒழுங்கை வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றியது. "கோழி வளக்கிற ஆக்கள் கூட்டுக்குள்ள போட்டு அடைச்சு வளருங்க. கண்ட இடமெல்லாம் கிண்டிப்போட்டு, ஊத்த மண்ணுக்குள்ள பெரண்டுட்டு வந்து ஊருக்கு நோயப் பரப்புது" என்று. அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். ஒருவர் செள்ளுக்கு அடிக்கிற பவுடரின் பெயரைப் போட்டார். இன்னொருவர் கிழமைக்கு ஒரு தரம் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டச் சொன்னார். மூன்றாவது ஆள் இன்டர்லொக் கல் பதிக்கிற மேசனின் நம்பரையே அனுப்பிவிட்டார்.

இந்த ஒழுங்கையில் கோழி வளர்க்கிற வீட்டார் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். எங்களில் படிப்பிக்கிற ஆட்களும் இருக்கிறோம், கடலுக்குப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள், முட்டை விற்றுச் சீட்டுக் கட்டுகிற உம்மாமாரும் இருக்கிறார்கள். அந்தக் குழுவில் பதில் எழுதினால் கடைசியில் அது யாருடைய மதில் யாருடைய காணிக்குள் நிற்கிறது என்ற கதையில்தான் போய் முடியும். அதனால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த "ஊத்தை" என்ற சொல்லை எடுப்போம். கோழி மண்ணில் புரள்வது குளியல். நமக்குத் தண்ணீர் எப்படியோ, அதற்கு உலர்ந்த மண் அப்படி. கோழியின் வால் அடியில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அந்த எண்ணெயை அலகால் தொட்டு இறகெல்லாம் பூசிக்கொள்ளும். நாள் போகப் போக அந்த எண்ணெய் பழசாகி, பிசுபிசுத்து, இறகை ஒட்டவைத்துவிடும். உலர்ந்த மண்ணை இறகுக்குள் அள்ளிப் போட்டு, உடம்போடு தேய்த்து, கடைசியில் எழும்பி ஒரு உதறு உதறும்போது பழைய எண்ணெயும் மண்ணோடு போய்விடும். இறகு மறுபடி பஞ்சுபோல் விரியும். பேனுக்கும் செள்ளுக்கும் அந்த மண் பெரிய தொல்லை.

தண்ணீர் கிடைக்காத இடத்தில் மண்ணைத் தொட்டு தயம்மும் செய்துகொண்டு தொழுகைக்கு நிற்கிற சமூகம் நாம். மண்ணால் சுத்தமாகலாம் என்று மதரஸாவிலேயே படித்தவர்களுக்கு, கோழி மண்ணில் குளித்தால் மட்டும் எப்படி ஊத்தையாகிறது?

பார்க்காதவர்கள் ஒரு பகல் நேரம் எடுத்துப் பாருங்கள். வெயில் ஏறி உச்சிக்கு வருகிற நேரம்தான் கோழிக்குக் குளியல் நேரம். முதலில் அலகால் மண்ணைத் தன் பக்கம் இழுக்கும். பிறகு குந்தி இருந்து, இரண்டு செட்டையாலும் மண்ணை அள்ளி முதுகில் போடும். ஒரு பக்கம் சரிந்து, காலை நீட்டி, தலையை மண்ணில் தேய்த்து, கண்ணை அரைவாசி மூடிக் கிடக்கும். அரை மணித்தியாலம்கூட எடுக்கும். இடம் இருந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை இப்படிச் செய்யும். இதைக் கண்டு வலிப்பு என்று பயந்து, ஓடிப்போய்க் கத்தி எடுத்து பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்த வீடும் நம்மட ஊரில் இருக்கிறது. நல்ல முட்டைக் கோழி. குளித்துக்கொண்டிருந்ததற்காகக் கறியாகிவிட்டது.

இது தாய்க்கோழி சொல்லிக்கொடுத்து வருகிற பழக்கம்கூட இல்லை. மெஷினில் பொரித்த, தாயைக் காணாத குஞ்சும் சில நாட்களிலேயே புரளத் தொடங்கிவிடும். கம்பிக் கூட்டில் அடைத்த கோழி என்ன செய்யும் தெரியுமா? மண்ணே இல்லாத வெறுங் கம்பிமேல் படுத்து, செட்டையை அடித்து, இல்லாத மண்ணை முதுகில் அள்ளிப் போடும். ஆராய்ச்சியாளர்கள் இதைப் பல காலமாகக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்க்க நாம் வெளிநாட்டுப் பண்ணைக்குப் போகத் தேவையில்லை. நம்மட ஒழுங்கையிலேயே, மதிலுக்கு மதில் கல் பதித்த முற்றத்தில் ஒரு சிவப்புப் பேடு கல்மேல் படுத்துச் செட்டை அடிக்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது முற்றத்துக்கு வருவோம். வளவு சுருங்கியது யாருடைய குற்றமும் இல்லை. கல்முனைக் கரையோரத்தில் குமருக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. மூத்தம்மாவின் வளவு உம்மாமாருக்குப் பிரிந்து, உம்மாவின் வளவு மக்களுக்குப் பிரிந்து, இப்போது ஆறு பேர்ச், எட்டு பேர்ச்சில் நிற்கிறது. 2004 கடலுக்குப் பிறகு கரையிலிருந்த சனமும் உள்ளுக்கு வந்தது. அதையெல்லாம் நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் மிஞ்சியிருக்கிற பத்தடி முற்றத்தையும் ஒரு விரல்கடை மண் தெரியாமல் சீமெந்தாலும் கல்லாலும் மூடுகிறார்களே, அது இடப்பற்றாக்குறை இல்லை, அந்தஸ்து. மண் தெரிகிற முற்றம் ஏழை வீட்டு முற்றம் என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. குமர் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் முதலில் வாகனம் நிறுத்துகிற கல்லைப் பார்க்கிறார்களாம்!

அப்படி எல்லாரும் மூடிய பிறகு, கோழி எங்கே போகும்? பக்கத்து வீட்டுப் பூச்சாடிக்குத்தான் போகும். ஒழுங்கையில் கிளறக்கூடிய மண் அங்கேதான் மிஞ்சியிருக்கிறது. அந்தக் குரல் பதிவு போட்டவரின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கிய ரோசாச் செடியை வேரோடு கிண்டிப்போட்டால் யாருக்கும் கோபம் வரும். என்னுடைய கோழி உங்கள் செடியைத் தின்பதற்கு ஹலால் பத்திரம் யாரும் தரவில்லை. ஆனால் அதற்கு மருந்து கூட்டில் அடைப்பது இல்லை, கோழிக்காரரின் வளவிலேயே கோழிக்கு ஒரு மண் கிடங்கு வைப்பது. தனக்கென்று பழகிய குழி ஒன்று இருந்தால் கோழி திரும்பத் திரும்ப அதற்கே வரும். எங்கள் ஏழெட்டு வீட்டில் அப்படி வைத்த வீட்டுக் கோழி மேல் முறைப்பாடு குறைவு. வைக்காத வீட்டுக் கோழியைத்தான் பிள்ளைகள் கல்லால் எறிகிறார்கள்.

அடைக்கத்தான் வேண்டும் என்றால் அடையுங்கள். ஆனால் கூட்டுக்குள் மண் வையுங்கள். ஐரோப்பாக்காரர் இலட்சக்கணக்கில் கோழி வைத்து வியாபாரம் செய்கிறவர்கள். அவர்களே 1999இல் சட்டம் எழுதி, 2012 முதல் வெறுங் கம்பிக் கூட்டைத் தடை செய்தார்கள். கூடு வைத்தாலும் அதற்குள் முட்டையிட ஒதுக்கிடம், இரவில் ஏறி உட்காரக் கம்பு, கொத்திக் கிளறப் பொருள் எல்லாம் இருக்க வேண்டும் என்றார்கள். ஐந்து கோழி வைத்திருக்கிற நமக்கு இது பெரிய காரியமா?

அடுத்தது பவுடர். இதில்தான் எங்களுக்கு உண்மையான பயம். செள்ளு என்றதும் கடையில் போய் எறும்புக்கு, கரையானுக்கு, மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தை வாங்கிக் கோழியின் இறகுக்குள் தூவுகிறார்கள். தூவிய கையோடு அடுத்த நாள் முட்டையை அவித்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஜேர்மனியிலும் இலட்சோப இலட்சம் முட்டைகளைக் கடைகளிலிருந்து எடுத்து அழித்தார்கள். காரணம், கோழிப் பண்ணையில் செள்ளுக்கு அடித்த மருந்தில் பிப்ரோனில் கலந்திருந்தது. அது முட்டைக்குள் போய்விட்டது. எறும்புக்கும் கரையானுக்கும் அடிக்கிற நஞ்சு அது. அங்கே ஆய்வுகூடம் இருந்தது, பிடித்தார்கள். நம்மட வீட்டு முட்டையை யார் பரிசோதிக்கப் போகிறார்? இறைச்சிக்கும் முட்டைக்கும் வளர்க்கிற பிராணிக்கு எந்த மருந்து, எத்தனை நாளைக்கு முட்டை சாப்பிடக்கூடாது என்பதை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். பலசரக்குக் கடை முதலாளியிடம் கேட்காதீர்கள்.

ஷாம்பு விசயம் சுருக்கமாக. அது இறகின் எண்ணெயை முழுக்கக் கழுவிப்போடும். நனைந்த கோழி குளிரில் விறைக்கும். மாரி காலத்தில் குளிப்பாட்டிவிட்டு "காத்து பட்டுச் செத்திட்டு" என்று சொல்லாதீர்கள்.

மண் குளியல் எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் நாங்கள் சொல்லவில்லை. இரவில் வந்து இரத்தம் குடிக்கிற சிவப்புச் செள்ளு பகலில் கோழியின் உடம்பில் இருக்காது. கூட்டுப் பலகையின் வெடிப்பில் ஒளிந்திருக்கும். அதற்குக் கூட்டைக் கழற்றி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காய வைக்கத்தான் வேண்டும். ஈர மண் நோயைப் பரப்பும் என்பதும் உண்மைதான். குஞ்சுகளுக்கு வருகிற இரத்தக் கழிச்சல் ஈரத்தில்தான் பெருகும். ஆகவே சண்டை ஈரத்தோடுதான், மண்ணோடு இல்லை.

அதற்குத்தான் இடம் பார்த்து வைக்கச் சொல்கிறோம். தாவாரத்துக்குக் கீழே, மாடிப்படிக்குக் கீழே, மழை அடிக்காத ஒரு மூலை போதும். நாலைந்து கோழிக்கு மூன்றடிக்கு இரண்டடி, ஆழம் ஒரு சாண். இன்டர்லொக் போட்டுவிட்டவர்கள் ஆறேழு கல்லைக் கழற்றினால் சரி, அது சீமெந்து பூசாமல் பதித்த கல்தானே. கழற்ற மனமில்லாவிட்டால் உடைந்த பெரிய பேசின் ஒன்றில் மண் நிரப்பி வையுங்கள். மீன் கொண்டுவருகிற ரெஜிபோம் பெட்டியை மட்டும் வைக்க வேண்டாம், கோழி அதைக் கொத்தித் தின்றுவிடும். பழைய டயர் வைக்கிறவர்கள் விளிம்பு வரை மண்ணால் நிரப்புங்கள். தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும், பிறகு டெங்குப் பரிசோதனைக்கு வருகிற பீ.எச்.ஐ.யிடம் கோழிக் கதை சொல்லித் தப்ப முடியாது.

மூன்று பங்கு உலர்ந்த மண்ணுக்கு ஒரு பங்கு அடுப்புச் சாம்பல். மூத்தம்மாமார் கோழிக்கூட்டடியில் சாம்பல் கொட்டியது குப்பை போட இடமில்லாமல் இல்லை. கேஸ் அடுப்பு வந்து சாம்பல் இல்லாமல் போனது. 2022இல் கேஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில் திரும்ப விறகு மூட்டினோம், கோழிக்கும் சாம்பல் கிடைத்தது. இப்போது வேண்டுமென்றால் விறகுப் போரணையில் கேளுங்கள், சும்மா தருவார்கள். பெயின்ற் அடித்த பலகை, பொலித்தீன் எரித்த சாம்பல் வேண்டாம். சாம்பல் நன்றாக ஆறி, உலர்ந்து இருக்கட்டும், நனைந்த சாம்பல் தோலை அரிக்கும். சுண்ணாம்பு போடாதீர்கள். வீடு கட்டுகிற ஆட்கள் சீமெந்துத் தூளைத் திறந்து வைக்காதீர்கள், கோழிக்கு அதுவும் மண்ணாகத்தான் தெரியும். கிழமைக்கு இரண்டு தரம் எச்சத்தைப் பொறுக்கி, மாதத்துக்கு ஒருமுறை மண்ணை மாற்றினால் போதும். எடுத்த மண்ணை அதே ரோசாச் செடிக்குப் போடலாம்.

இவ்வளவும் ஏன் எழுதுகிறோம் என்றால், அந்தக் குரல் பதிவு யாருக்குப் போய்ப் பட்டது என்று எங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை மௌத்தாகி, பன்னிரண்டு ஊர்க்கோழியை வைத்து முட்டை விற்று, பிள்ளையின் டியூஷன் காசு கட்டுகிற ஒரு ராத்தா இந்த ஒழுங்கையில் இருக்கிறார். அவரிடம் முட்டை வாங்கித் தின்ற வீட்டார்தான் கைதட்டியிருக்கிறார்கள். முட்டை விலை ஏறி, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கிய நாடு இது. அந்த நேரம் ஒழுங்கைக்கே முட்டை கொடுத்தது இந்த "நோய் பரப்புகிற" கோழிகள்தான். அந்த ராத்தா இரண்டு நாளாகக் கோழியைத் திறந்துவிடவில்லை. குழுவில் பெரியவர்கள் சொன்னதால் பயமாம். கூடு இரண்டடி உயரம், அடித்தளம் சீமெந்து.

மகல்லாக் கூட்டத்தில் இந்த விசயம் வரப்போவதாகக் கேள்விப்பட்டோம். வரட்டும். கோழியை ஒழுங்கையில் விடக்கூடாது என்று முடிவெடுத்தால் நாங்களும் கட்டுப்படுவோம். ஆனால் அந்த முடிவோடு இன்னொன்றும் எழுத வேண்டும். வீடு கட்டுகிறவர் வளவின் ஒரு மூலையையாவது கல் போடாமல் மண்ணாக விட வேண்டும். கோழிக்காரர் அடைத்தாலும் உள்ளே மண் வைக்க வேண்டும். கோழிக்காரருக்கு மட்டும் சட்டம், கல் போடுகிறவருக்குச் சட்டமில்லை என்றால் நாங்கள் கூட்டத்திலேயே எழும்பிக் கேட்போம்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்களில் நாலு பேர் அந்த ராத்தா வீட்டுக் கூட்டுக்கு முன்னால் கல் கழற்றி மண் நிரப்பப் போகிறோம். அரித்த மண் மூன்று உரைப்பை இருக்கிறது, சாம்பல் ஒரு உரைப்பை. மிஞ்சினால் வேறு வீட்டாருக்கும் தரலாம். வேண்டியவர்கள் பை கொண்டு வாருங்கள். மண்வெட்டி இருக்கிறவர்கள் அதையும் கொண்டு வாருங்கள், எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.