பழைய காமிரா வாங்குமுன்

தானே குவியப்படுத்தும் பழைய ஃபிலிம் காமிராவைக் கடையில் எடுத்து, வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்து, லென்ஸ் முன்னும் பின்னும் அலைவதைக் கண்டு, ‘இது பழுது’ என்று முடிவு கட்டாதீர்கள். 1985-இல் வந்த மினோல்டா 7000 ஆனாலும், 1987-இல் வந்த கேனான் இஓஎஸ் 650 ஆனாலும், லென்ஸின் இரு ஓரங்கள் வழியே வரும் ஒளியால் உண்டாகும் இரண்டு பிம்பங்களின் இடைவெளியை அளந்தே குவியத்தைச் சரிசெய்கின்றன. வெறும் சுவரில் அளக்க என்ன இருக்கிறது? கதவு நிலையின் நெட்டுக்கோட்டை நோக்கிப் பிடித்துப் பாருங்கள்.

பணத்தைக் காமிராவில் போடுவதைவிட லென்ஸில் போடுவதே மேல் என்பது என் கருத்து. காமிராவின் மின்சுற்று போய்விட்டால் மாற்று உறுப்பு கிடைப்பது அரிது. கேனானின் 1987-ஆம் ஆண்டு இஎஃப் லென்ஸோ, பின்னால் வந்த டிஜிட்டல் இஓஎஸ் எஸ்எல்ஆர் காமிராக்களிலும் பொருந்தித் தானே குவியும். அதை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். உள்ளே சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.