நல்லாயிட்டேன்னு யார் சொல்றது?

“அதான் நல்லாயிட்டியே, இன்னும் எதுக்கு மாத்திரை?”

நாத்தனார் கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மண்டப வாசலில் நின்று தாம்பூலப் பை கொடுத்தேன். வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது போதும். மறுவாரம் என் மாத்திரை அட்டை அலமாரியில் இல்லை. என்னைக் கேட்கவில்லை, டாக்டரைக் கேட்கவில்லை. நாலாம் நாள் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி வெட்டி வெட்டி இழுத்தது. குடத்தைத் தூக்கப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “பழையபடி ஆரம்பிச்சுட்டா” என்றார்கள். ஆரம்பித்தது நானா?

11 வருஷமாக மனச்சோர்வு நோயோடு கிடக்கிறேன். நான் குணமாகிவிட்டதாக இதற்குள் எத்தனை பேர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்! மாமியாருக்கு, விடிவதற்குள் வாசலில் கோலம் விழுந்தால் குணம். அம்மாவுக்கு, ஊருக்குள் விஷயம் கசியாமல் இருந்தால் குணம். கணவருக்கு, ராத்திரி நான் அழாமல் படுத்தால் குணம். அழக்கூடத் தெம்பில்லாமல், எதற்கு இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று விட்டத்தைப் பார்த்துக் கிடந்த ராத்திரிகள்தான் அவை. அது அவருக்கு இன்றுவரை தெரியாது.

டாக்டருக்கு மார்க். 1960-ல் மாக்ஸ் ஹாமில்டன் என்ற மனநல மருத்துவர் வகுத்த 17 அம்சங்கள். தூக்கம், எடை, குற்ற உணர்ச்சி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை 7-க்குள் வந்தால் நோய் தணிந்ததாகக் கணக்கு. எனக்கு 6 வந்தது. அந்தத் தாளை நான் குறை சொல்ல மாட்டேன். நான் நடிக்கவில்லை என்பதற்கு முதல் சாட்சியே அதுதான். ஆனால் அன்று சாயங்காலம் என் மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சிரித்தேன். உள்ளே ஒன்றுமே அசையவில்லை. பெற்ற பிள்ளையின் சந்தோஷம் தொடாத மனசு குணமான மனசா?

2006-ல் அமெரிக்காவில் மார்க் ஸிம்மர்மன் குழுவினர் எது குணம் என்று நோயாளிகளிடமே கேட்டிருக்கிறார்கள். நம்பிக்கையும் தன்னம்பிக்கையும் வருவது, பழைய ஆளாக ஆவது, வழக்கமான காரியங்களைச் செய்ய முடிவது, இவற்றையெல்லாம் முக்கியமென்று சொன்னார்களாம். படித்துவிட்டு அழுதேன். கேட்டிருக்கிறார்களே! இந்த 11 வருஷத்தில் என்னிடம் ஒரு ஆள் கேட்கவில்லையே!

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் அக்காவுக்கு, துணையில்லாமல் பஸ் ஏறி வந்து போனால் குணம். அங்கே வரும் காலேஜ் பையனுக்கு, படித்த ஒரு பக்கம் மண்டையில் நின்றால் குணம். எனக்குப் பழைய ஆளாகவெல்லாம் ஆக வேண்டாம். எல்லாவற்றையும் வாயை மூடிச் சுமந்தவள் அவள். ரசம் நுரைத்து வரும்போது அந்த வாசனையில் எனக்குப் பசிக்க வேண்டும். என் பிள்ளை ஓடி வந்தால் மனசு துள்ள வேண்டும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே அது நடந்தாலும் அது குணம்தான்.

மறுபடி டாக்டர், மறுபடி முதலிலிருந்து. மருந்து பிடிக்கவே பல வாரம் ஆகும். அட்டையை இப்போது கடுகு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். எல்லோரும் படுத்த பிறகு, மூடி சத்தம் போடாமல் திறந்து, சொந்த வீட்டில் திருட்டுத்தனமாக ஒரு மாத்திரையை முழுங்குகிறேன்.